தாருக்குள் போன படிகள்

எங்கள் ஊரில் சாலை வளரும். செடியாவது தண்ணீர் ஊற்றினால்தான் வளரும். சாலைக்குத் தேர்தல் வந்தால் போதும். பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் வழக்கமே இங்கே கிடையாது. இருப்பதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, உருளையை ஓட்டி, அரை அடி உயர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் காலையிலிருந்து எனக்கு வேலை வரும்.

நான் கொத்தனார். சித்தாளாகச் சேர்ந்து, நாலு பேர் கேலி செய்ததைக் காதில் வாங்காமல் கரணை பிடிக்கக் கற்றுக்கொண்டவள். எல்லாருக்கும் கொத்தனாரம்மா. சாலை உயர்ந்ததும் வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். கேட் திறக்காது, மழைத்தண்ணீர் உள்ளே வரும், அடிப்படி தாருக்குள் போயிருக்கும். நான் கேட்டின் அடியை வெட்டி, வாசலில் ஒரு தடுப்புக் கட்டிக் கொடுப்பேன். ஒரு காலத்தில் ஏறிப்போன வீடுகளுக்குள் இப்போது இறங்கிப் போகிறோம். இதை யாரும் அதிசயமாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. அதுதான் என் மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று அன்று காலை ஒன்பது மணிக்கு வேனில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்குத் திறப்பு, நாலரை மணிக்குள் தண்ணீர் ஊரைத் தொடும், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த பெரிய வெள்ளத்துக்குக் குறையாது, ஆற்றோரத்து ஆறு தெருக்காரர்களும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தது என் கொழுந்தன். என் வீட்டுக்காரரின் தம்பி. ஆற்று அலுவலகத்தில் இன்ஜினியர். வெள்ள அபாய வரைபடம் தயாரித்தவன் என்பதால் ஊர் அவனுக்கு 'மேப்பு' என்று பெயர் வைத்துவிட்டது. அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அப்போது ஓட்டவில்லை, தார்ப்பாய் கட்டும்போது கீழே விழுந்து, இடுப்புக்குக் கீழே ஒரு கால் முழுக்க மாவுக்கட்டோடு கிடந்தார். அவரை எப்படிக் கொண்டுபோவது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர்தான் தன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். துணி தேய்க்கும் பலகையின் மேல் இவரைப் படுக்க வைத்தோம்.

“பெட்டியில நெருப்பு இல்லையே?” என்றார் இவர்.

“இல்லண்ணே, ஆறிடுச்சு.”

“அப்ப சரி. சுருக்கத்தோடயே போறேன்.”

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. நிற்க இடமில்லை. கைக்குழந்தைக்காரிகள், ஆக்சிஜன் உருளையோடு ஒரு பெரியவர், கூண்டோடு கிளிகள், ஒருவர் தலையில் தொலைக்காட்சிப் பெட்டி. தலைமையாசிரியை வாசலில் மேசை போட்டு, வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அறுநூறைத் தாண்டிவிட்டது என்றார். வண்டி தடங்கலே இல்லாமல் சாலையிலிருந்து நேராகக் கேட்டுக்குள் உருண்டது. ‘அப்பாடா, ஒரு படிகூட இல்லை’ என்று நானே மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

இவரை வகுப்பறைப் பெஞ்சில் இறக்கிப் படுக்க வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். சுவரில் கொழுந்தனின் வரைபடம் பளபளவென்று ஒட்டியிருந்தது. வெள்ளம் வரும் இடம் சிவப்பு, வராத இடம் பச்சை. பள்ளிக்கூடம் பச்சை. ஓரத்தில் ஒரு பட்டியல்: பெரிய வெள்ளத்தின் குறி எந்தெந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் என்று. இஸ்திரிக் கடை, சாலையிலிருந்து இரண்டு அடி. பால்காரர் வீடு, இரண்டு அடி. மர அறுவை மில், இரண்டடி ஓர் அங்குலம்.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. இஸ்திரிக் கடைச் சுவருக்கு இரண்டு முறை பூச்சு பூசினவள் நான். அந்தக் குறியை மட்டும் மூடிவிடாதே, எங்கப்பாவுக்குக் கழுத்து வரைக்கும் தண்ணீர் நின்ற இடம் அது என்று இஸ்திரிக்காரர் பக்கத்திலேயே காவல் நிற்பார். வெள்ளம் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கொழுந்தன் இரண்டு கைப்பேசிகளை வைத்துக்கொண்டு பறந்துகொண்டிருந்தான். சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன்.

“தம்பி, கழுத்து வரைக்கும் வந்த வெள்ளம் உன் படத்துல எப்படி முட்டிக்கு இறங்குச்சு? ஊரு சனமெல்லாம் வளர்ந்துட்டோமா?”

“அண்ணி, சனங்க சொல்றதுல பாதிக்குப் பாதி மிகைதான். நாங்க டேப்பு வச்சு அளந்தோம். டேப்பு பொய் சொல்லாது.”

“டேப்பு சொல்லாது. டேப்போட கீழ்நுனியை எங்க வச்சீங்க?”

“ரோட்ல.”

“எந்த ரோட்ல?”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. “இருக்கறது ஒரு ரோடுதானே அண்ணி.”

“சரி. அந்த ரோடு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு எதைப் பார்த்துப் போட்ட?”

“சர்வே படத்தைப் பார்த்து. அதெல்லாம் பக்காவா எடுத்த பழைய சர்வே. வெள்ளத்துக்கும் முன்னாடி எடுத்தது.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். விஷயம் இதுதான்: சுவரில் இருக்கும் குறியை இன்றைய சாலையிலிருந்து அளந்திருக்கிறார்கள். வந்த இரண்டடியைக் கொண்டுபோய் முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சாலையின் மேல் வைத்திருக்கிறார்கள். நடுவில் தார் விழுங்கிய மூன்று அடி யார் கணக்கிலும் இல்லை. வெள்ளம் படத்தில் மூன்று அடி குட்டையாகிவிட்டது. படத்தின்படி பள்ளிக்கூடத்துத் தரை தண்ணீருக்கு ஓர் அடி மேலே. உண்மையில் இரண்டு அடி கீழே. தண்ணீர் வந்தால் முதலில் சாலைதான் முழுகும். பிறகு உள்ளே இருக்கும் அறுநூறு பேரும் வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்வார்கள். பெஞ்சில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் என் மனுஷன் உட்பட.

சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான், ஆனால் நம்பவில்லை.

“மூணு அடியெல்லாம் ரோடு உயராது அண்ணி. இஸ்திரிக் கடைப் பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கலாம். இங்க ப்ளான்லயே இருக்கு, ஸ்கூல் தரை ரோட்டுக்கு மூணு அடி மேல.”

“கண்ணைத் திறந்து பாரு. மூணு அடி எங்க இருக்கு?”

அவன் கேட்டைப் பார்த்தான். சாலையும் தரையும் ஒரே மட்டமாக இருந்தன. “வாசல்ல மட்டும் மண்ணு கொட்டி ஏத்தியிருப்பாங்க. வண்டி வர்றதுக்காக.”

“மண்ணும் இல்ல, மட்டையும் இல்ல. இந்த வாசலுக்கு ஆறு படி இருந்துச்சு. படிக்கு அரை அடி. நான் கரணை பிடிச்சு முதல்முதலாக் கட்டினது அந்த ஆறு படிதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒண்ணா உள்ள போயிடுச்சு. ஆறு தேர்தல், ஆறு படி.”

“அண்ணி, இப்ப போய் இடத்தை மாத்தணும்னா எங்க ஆபீஸ் மேடம்கிட்ட என்னன்னு சொல்றது? எங்கண்ணி சொன்னாங்கன்னா? கிடங்குல கக்கூஸ்கூட ரெண்டுதான் இருக்கு.”

ரயில் மேட்டின் மேல் இருக்கும் தானியக் கிடங்கைத்தான் சொன்னான். அதுவும் படத்தில் பச்சை, உண்மையிலும் பச்சை. பன்னிரண்டு கழிப்பறை இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அன்று வந்தது கோபம் மட்டுமில்லை, பயம். பேசிப் பிரயோசனமில்லை என்று புரிந்தது. எதிரே நின்ற குழாய் ரிப்பேர்க்காரரின் வண்டியிலிருந்து கடப்பாரையை உருவினேன். கேட்டுக்கு முன்னால் போய்ச் சாலையில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

கூட்டம் அப்படியே திரும்பியது. தலைமையாசிரியை பேனாவோடு ஓடிவந்தார். “ஐயோ, என்னம்மா பண்றீங்க? நான் இங்க வந்து அஞ்சு வருஷமாச்சு, இங்க படியே கிடையாதும்மா!”

“நீங்க வர்றதுக்குள்ள அஞ்சு போயிடுச்சு டீச்சர். ஆறாவது போனதுகூட நீங்க பார்த்திருப்பீங்க. ஞாபகம் இல்லையா?”

அவர் யோசித்தார். முகம் மாறியது. “ஆமா… ஒரு கல்லு தடுக்கிக்கிட்டே இருந்துச்சு. ரோடு போட்டப்புறம் தடுக்கல.”

அதற்குள் காவலர் ஒருவர் வந்துவிட்டார். “அரசாங்க ரோட்டை உடைக்கிறது குற்றம், தெரியுமில்ல?”

“தெரியும். ஆறு படி இல்லேன்னா என்னைப் பிடிச்சுட்டுப் போங்க. இருந்துச்சுன்னா நீங்களும் ஒரு கை பிடிங்க.”

கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று. அவன் கெட்டவனில்லை, படித்ததை நம்புகிறவன், அவ்வளவுதான். “ஒரு மணி நேரம் அண்ணி. அதுக்கு மேல என்னால விட முடியாது” என்றான்.

இஸ்திரிக்காரர் எங்கிருந்தோ ஒரு மண்வெட்டி கொண்டுவந்தார். தார் சூட்டில் இளகியிருந்ததால் கடப்பாரை இறங்கியது. ஆனால் ஜல்லி, நெம்பினாலும் வரவில்லை. கை எரிந்தது. ஒரு முழம் அகலத்துக்குத்தான் தோண்டினேன். முழு வாசலையும் தோண்ட நேரமில்லை. மேல் தாரைப் பெயர்த்ததும் ‘டங்’ என்று கல் பேசியது. கையால் தூசியைத் தள்ளினேன். படியின் விளிம்பு.

“ஒண்ணு!” என்றார் இஸ்திரிக்காரர், ஏலம் போடுகிறவர்போல.

கூட்டம் நெருங்கி வந்தது. இரண்டாவது படிக்குப் போவதற்குள் வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது. காவலர் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு நின்றார். பிறகு என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி, அவரே போட ஆரம்பித்தார். மனுஷன் ஆளும் ஆறடி, அடியும் சரியான அடி.

“ரெண்டு!”

“மூணு!”

இப்போது எண்ணியது இஸ்திரிக்காரர் மட்டுமில்லை. கைக்குழந்தைக்காரிகள், ஆக்சிஜன் பெரியவர், கிளிக்காரர் எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், “எத்தனைடி ஆச்சு? யாராவது சொல்லித் தொலைங்களேன்!” என்று கத்துவது கேட்டது.

நாலாவது படி தெரிந்தபோது கொழுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்துக்குள் குதித்தான். பளிச்சென்று இருந்த அவன் சட்டை முழுக்கத் தார். பள்ளத்தின் பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தான். வெட்டிய இடத்தில் தாரும் ஜல்லியும், தாரும் ஜல்லியுமாக அடுக்கடுக்காகத் தெரிந்தன. மண் கொட்டிய அடையாளம் எள்ளளவும் இல்லை. விரல் வைத்து அடுக்குகளை எண்ணினான். உதடு மட்டும் அசைந்தது.

“அஞ்சு!”

ஆறாவதை அவனே கையால் பறித்து எடுத்தான். அடிப்படியின் ஓரத்தில் ஈரச் சிமென்டில் பதிந்த ஒரு கைத்தடம் இருந்தது. முதல் வேலை என்ற திமிரில் அன்று நான் பதித்தது; மேஸ்திரியிடம் அதற்கு வாங்கின வசவு எனக்கு மறக்கவே இல்லை. கொழுந்தன் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, கீழ்நுனியை அந்தக் கடைசிப் படியின் அடியில் வைத்து, மேலே இழுத்தான்.

“மூணு அடி” என்றான். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் இன்னொரு தடவை, “மூணு அடி.”

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். நான் பயந்துபோனேன். திட்டலாமா தேற்றலாமா என்று தெரியவில்லை. இந்தப் படிகளை ஒவ்வொன்றாகத் தாருக்குள் போகவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் தடுப்புக் கட்டிக்கொண்டு திரிந்தவள் நானுந்தானே? ஒரு நாளாவது அவனிடம் சொல்லியிருப்பேனா?

“தம்பி, தப்பு உன் ஒருத்தன் மேல இல்ல. எழுந்திரு. மணி பன்னிரண்டே கால்.”

எழுந்தான். பள்ளத்தையும் டேப்பையும் சேர்த்து நாலு படம் பிடித்து அனுப்பினான். பிறகு மேலதிகாரிக்குப் போன் போட்டான். என்னென்னவோ சுற்றிவளைக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். இவனைப் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கிறேன். ஒரு பென்சில் தொலைந்தால்கூட ஆயிரம் காரணம் சொல்லுவான்.

“மேடம், என் மேப் தப்பு. ஸ்கூல் முழுகும். எல்லாரையும் கிடங்குக்கு மாத்தணும், நாலு மணிக்குள்ள. ஆமா மேடம், நான்தான் பொறுப்பு. கிடங்கைத் திறக்கச் சொல்லுங்க.”

அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல் வந்த பெருமையை நான் அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். என் வயிற்றில் பிறந்திருந்தால்கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டேன்.

அடுத்த மூன்று மணி நேரம் அந்த ஊர் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ரயில் மேட்டுக்குப் போகும் வழியில் ஒரு தாழ்வான இடம் இருக்கிறது. அது முழுகிவிட்டால் அப்புறம் யாரும் கடக்க முடியாது. என் வீட்டுக்காரர் பெஞ்சில் படுத்தபடியே போனைக் காதில் வைத்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த லாரிக்காரர்களை எல்லாம், உரிமையோடு நல்ல வார்த்தையும் கெட்ட வார்த்தையும் கலந்து, வரவழைத்தார். ஒன்பது லாரிகள் வந்தன. காவலர் சாலை நடுவில் நின்று விசில் ஊதி ஊதித் தொண்டை வறண்டுபோனார். தலைமையாசிரியை பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு லாரியிலும் ஏறியவர்களைச் சரிபார்த்து அனுப்பினார். கிடங்கில் மூட்டைகளை ஓரங்கட்டி இடம் உண்டாக்கினோம். நானும் இரண்டு சித்தாள்களும் பின்பக்கம் பள்ளம் வெட்டி, சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, தற்காலிகமாக எட்டுக் கழிப்பறை போட்டுவிட்டோம். கக்கூஸ் இல்லை என்று இனி எவனும் வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

கடைசி லாரி தாழ்வான இடத்தைக் கடந்தபோது மூன்றே முக்கால். அதில்தான் கொழுந்தன் வந்தான். எல்லா வகுப்பறையையும் திறந்து பார்த்து, கழிப்பறைக் கதவுகளைத் தட்டிப் பார்த்து, ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வந்திருந்தான்.

நாலு இருபதுக்கு ஆறு வந்தது. சத்தம்தான் முதலில். கிடங்கின் சரக்கு மேடையில் எல்லாரும் நின்றோம். அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரியும். பழுப்பு நிறத்தில் ஒரு பாய் விரிகிற மாதிரி தண்ணீர் தெருவுக்குள் நுழைந்தது. இஸ்திரிக் கடையை எட்டியது, குறியைத் தொட்டது, தாண்டியது. பள்ளிக்கூடக் கேட்டுக்குள் அது யாரையும் கேட்காமல் நேராக நுழைந்தது. தாழ்வாரம் காணாமல் போயிற்று. வகுப்பறை ஜன்னலின் கீழ்விளிம்பு வரைக்கும் ஏறியது; திறந்து கிடந்த கதவு வழியாக ஒரு பெஞ்சு வெளியே மிதந்து வந்தது.

நான் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்போதும் ஏதாவது சொல்லிக் கிண்டல் செய்கிற மனுஷன், அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் படுத்திருந்ததுடி அது” என்றார்.

அப்போது கொழுந்தன் தலைமையாசிரியையிடமிருந்து பதிவேட்டை வாங்கிக்கொண்டு, மைக்கோடு ஒரு மூட்டையின் மேல் ஏறினான். தார் அப்பிய சட்டை, வெறுங்கால். “பேர் கூப்பிடறேன். வீட்டுக்கு ஒருத்தர் எத்தனை பேர்னு சத்தமாச் சொல்லுங்க” என்றான்.

“பால்காரர் வீடு?”

“ஏழு பேரும் இருக்கோம்!”

“மர மில் வீடு?”

“பதினொண்ணு! கிளி ரெண்டு!”

சிரிப்பு எழுந்தது. பயந்து இறுகிக் கிடந்த நெஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திறப்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. வீடு வீடாகக் கூப்பிட்டான். ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடச் சத்தமாக வந்தது. ஆக்சிஜன் பெரியவர் கையை உயர்த்தித் தன் வீட்டுக்குத் தானே பதில் சொன்னார். இஸ்திரிக்காரர், “நாலு! வண்டியும் பத்திரம்!” என்றார். தலைமையாசிரியை விரல் வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தார். பக்கம் பக்கமாகப் புரண்டது. ஒரு வீடுகூட விட்டுப்போகவில்லை.

கடைசிப் பக்கத்தில் எங்கள் வீடு. அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. அறுநூறு பேர் காத்திருந்தார்கள்.

“அண்ணா?”

“இருக்கேன்டா. ஒத்தைக் கால்ல!”

“அண்ணி?”

கன்னத்தில் வழிந்ததைத் தார்க் கையால் துடைத்து, முகத்தையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“இருக்கேன் தம்பி!”

தலைமையாசிரியை தலை நிமிர்ந்தார். “அறுநூத்துப் பன்னிரண்டு” என்றார். “வந்தது அறுநூத்துப் பன்னிரண்டு. இருக்கறது அறுநூத்துப் பன்னிரண்டு.”

கிடங்கின் தகரக் கூரை அதிரும்படி ஊரே கத்தியது. கீழே ஆறு போட்ட சத்தம் கொஞ்ச நேரத்துக்கு எங்கள் காதில் விழவே இல்லை.